கள்ளிச்சாறு காக்கும் சுவர்

பூச்சு எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று கேட்பதற்கு முன், சுவரில் புகுந்த ஈரம் எந்த வழியாக வெளியேறும் என்று கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், சொனோரா பாலைவனத்தில் வெள்ளைவெளேரென்று நிற்கிறது சான் சேவியர் டெல் பாக் தேவாலயம். 16ஆம் நூற்றாண்டில் நம் முத்துக்குளித்துறைக் கரையில் மறைப்பணி செய்த அதே பிரான்சிஸ் சவேரியாரின் பெயரைத் தாங்கிய கோயில் அது. இயேசு சபைத் துறவி யூசெபியோ கீனோ 1692இல் அங்கே வந்து மறைத்தளத்தைத் தொடங்கினார். இன்று நிற்கும் கட்டடம் பிரான்சிஸ்கன் துறவிகளின் காலத்தில், 1783 முதல் 1797 வரை எழுந்தது. அதற்கு உழைத்தவர்கள் அந்த மண்ணின் டொஹோனோ ஓடாம் பழங்குடியினர். சுட்ட செங்கல், கல், சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு என்று முழுக்க முழுக்க மூச்சுவிடும் பொருள்களால் ஆன கட்டடம். 20ஆம் நூற்றாண்டில் அதைப் பழுதுபார்த்தவர்கள், இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூச்சைப் பூசினார்கள். நல்லெண்ணத்தோடு செய்த அந்த வேலைதான் கோயிலுக்கு வினையாக வந்தது. சிமென்ட் அடுக்குக்குப் பின்னால் ஈரம் தேங்கியது. 1980களின் இறுதியில் கருவறைப் பக்கத்துச் சுவரில் நீர்க்கசிவு வெளிப்பட்டு, உள்ளே இருந்த சுவரோவியங்களுக்கே ஆபத்து என்ற நிலை வந்தது. கோயிலைக் காக்க 1978இல் உருவான பட்ரோனாட்டோ சான் சேவியர் என்ற அமைப்பின் முயற்சியில் சிமென்டைக் கொத்தி எடுத்தார்கள். அந்த இடத்தில் சுண்ணாம்பும் மணலும் சப்பாத்திக்கள்ளியின் சாறும் கலந்த பூச்சை மீண்டும் பூசினார்கள்.

இதைக் கேட்டதும் சிலர், முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்று பெருமைப்படுவார்கள். வேறு சிலர், செடிச்சாற்றை நம்பியா கட்டடம் நிற்கும் என்று ஒதுக்கிவிடுவார்கள். இரண்டு தரப்புமே விஷயத்தைத் தவறவிடுகின்றன. கள்ளிச்சாறு மந்திரமும் இல்லை, மூடநம்பிக்கையும் இல்லை. பூச்சுக்குள் தண்ணீர் எப்போது தங்க வேண்டும், எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும் வேலையை அது செய்கிறது. அந்த வேலையின் அருமை புரிய வேண்டுமானால், பூச்சைப் பற்றி நமக்குள் ஊறிப்போன ஒரு எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நல்ல பூச்சு என்பது தண்ணீரை அடியோடு தடுப்பது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். பழைய செங்கல் சுவருக்கும் மண்சுவருக்கும் அந்த இலக்கணம் பொருந்தாது. அவற்றுக்கு நல்ல பூச்சு என்பது, புகுந்த தண்ணீரைத் தடையின்றி வெளியே விடுவது. தேவைப்பட்டால் சுவருக்கு முன் தான் தேய்ந்து கொடுப்பது.

ஈரம் எங்கே போகும்?

எந்தச் சுவரும் முழுக்க உலர்ந்திருப்பதில்லை. அடித்தளத்திலிருந்து ஓதம் ஏறுகிறது, மழை சாய்ந்தடிக்கிறது, கூரையின் ஓரத்தில் கசிகிறது, வீட்டுக்குள் சமைப்பதிலும் குளிப்பதிலும் எழும் ஆவி சுவரில் படிகிறது. சுண்ணாம்புப் பூச்சிலும் மண்பூச்சிலும் நுண்துளைகள் நிறைந்திருப்பதால், இப்படி வந்த ஈரம் வெயிலும் காற்றும் பட்டதும் ஆவியாகிப் போய்விடும். சிமென்ட் பூச்சு அதைவிட அடர்த்தியானது, இறுக்கமானது. அடியில் இருக்கும் பழைய சுவர் வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும்போது இது அதோடு இசைந்து அசைவதில்லை. மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. அந்த விரிசல் வழியாக மழைநீர் எளிதாக உள்ளே போகிறது. ஆவியாகி வெளியே வர வழி குறைவு. தேங்கிய நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு நகர்ந்து, ஓரிடத்தில் காயும்போது உப்பு படிகமாகிறது. அந்தப் படிகங்கள் துளைகளுக்குள் வளர்ந்து செங்கல்லைப் பொரியச் செய்கின்றன. வெளியே பூச்சு பளிச்சென்று இருக்க, உள்ளே சுவர் மாவாகிக்கொண்டிருக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

இது ஒரே ஒரு கோயிலின் அனுபவம் இல்லை. நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஞ்சோஸ் தெ தாவோஸ் என்ற ஊரில் உள்ள சான் பிரான்சிஸ்கோ தெ ஆசிஸ் தேவாலயம் முழுக்கப் பச்சை மண்கல்லால் கட்டியது. ஆண்டுதோறும் மண்பூசும் தொல்லை தீரட்டும் என்று 1967இல் அதற்குச் சிமென்ட் பூசினார்கள். பன்னிரண்டே ஆண்டுகளில், 1979இல், ஈரம் தேங்கிச் சுவர் கெட்டுப்போனதைக் கண்டு அந்தப் பூச்சை அகற்றிவிட்டு ஊர் மக்கள் மண்பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் பங்கு மக்கள் கூடி, மண்ணும் வைக்கோலும் குழைத்துத் தங்கள் கோயிலைப் பூசுகிறார்கள். இங்கே முக்கியப் பங்கு கள்ளிச்சாற்றுடையது என்று நான் சொல்லவில்லை. சிமென்டின் கெட்டித்தனம் எல்லாச் சுவருக்கும் நன்மை என்ற நம்பிக்கை நடைமுறையில் தோற்றது என்பதே இங்கே சான்று. அந்த நம்பிக்கையைக் கைவிட்டுச் சுண்ணாம்புக்கும் மண்ணுக்கும் திரும்பும்போதுதான், அந்தப் பூச்சுகளின் இயல்பான பலவீனங்களை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்வி எழுகிறது. கள்ளி அந்த இடத்தில்தான் நுழைகிறது.

சாறு செய்யும் வேலை

சப்பாத்திக்கள்ளியின் தட்டையான மடல்களில் பத்தில் ஒன்பது பங்கு நீர். பாலை வெயிலில் அந்த நீர் ஆவியாகிவிடாமல் செடி காப்பாற்றிக்கொள்வதற்கு உதவுவது, மடலுக்குள் இருக்கும் கொழகொழப்பான பசை. அது நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அராபினோஸ், கேலக்டோஸ், ராம்னோஸ், சைலோஸ் ஆகிய சர்க்கரைகளும் கேலக்டுரோனிக் அமிலமும் அதில் இருக்கின்றன. அந்தச் சங்கிலிகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உப்புகின்றன. மெக்சிகோவிலும் அமெரிக்கத் தென்மேற்கிலும் கொத்தனார்கள் செய்வது எளிய வேலை. முள்ளை நீக்கி, மடலைத் துண்டு துண்டாக நறுக்கி, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள், அல்லது வேகவைக்கிறார்கள். வழுவழுப்பான சாறு இறங்கியதும் வடிகட்டி, பூச்சுக்கு ஊற்றும் தண்ணீருக்குப் பதிலாக அதைச் சேர்க்கிறார்கள். வெள்ளையடிக்கும் சுண்ணாம்புப் பாலில் இந்தச் சாற்றையும் உப்பையும் கலப்பது மெக்சிகோவில் வீட்டு வழக்கமாகவே இருக்கிறது.

சாறு ஏன் உதவுகிறது என்பதற்கு விடை சுண்ணாம்பின் வேதியியலில் இருக்கிறது. நீற்றிய சுண்ணாம்பு, காற்றில் இருக்கும் கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக மாறித்தான் இறுகுகிறது. அந்த மாற்றம் நடக்கத் தண்ணீர் வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும். துளைகள் நீரால் அடைத்துக்கொண்டால் வாயு உள்ளே போகாது. பூச்சு சட்டென்று காய்ந்துவிட்டால் வாயு கரைவதற்கு ஈரம் இருக்காது. பாலைவனத்தில் இரண்டாவது ஆபத்துதான் பெரிது. வெயிலிலும் வறண்ட காற்றிலும் பூச்சு அரைகுறையாகக் காய்ந்து, வெடித்து, தொட்டால் உதிரும் மாவாக நின்றுவிடும். சாற்றில் உள்ள பசை தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டு, உலர்தலை மெதுவாக்கி, சுண்ணாம்பு இறுகுவதற்கு அவகாசம் தருகிறது. செடிக்குள் எந்த வேலையைச் செய்ததோ, அதே வேலையைச் சுவரிலும் செய்கிறது. கூடவே, குழைத்த சாந்து கரண்டியில் வழுக்கிக்கொண்டு போகிறது, சுவரில் சரியாமல் ஒட்டுகிறது. அதிகத் தண்ணீர் ஊற்றாமலே குழைக்க முடிகிறது. தண்ணீர் குறைந்தால் சுருக்கமும் விரிசலும் குறையும். மண்பூச்சிலோ சுண்ணாம்பு இல்லை. அங்கே சாற்றின் நீண்ட சங்கிலிகள் களிமண் துகள்களைப் பிணைத்து, மேற்பரப்பு தூசியாக உதிர்வதையும் மழையில் அரிபடுவதையும் குறைக்கின்றன.

ஆய்வகங்களும் இதைச் சோதித்திருக்கின்றன. பெரு நாட்டு ஆய்வாளர்களும் கலிபோர்னியாவின் பொறியாளர் பி.கே. மேத்தாவும் சேர்ந்து 1988இல் வெளியிட்ட ஆய்வு, மண்கல் வீடுகளை ஈரத்திலிருந்து காக்கும் வழிகளைத் தேடியது. கள்ளிச்சாறு கலந்த மண்பூச்சும் அதில் சோதனைக்கு வந்தது. 1998இல் சுவீடன் ஆய்வாளர் சந்திராவும் அவருடைய குழுவினரும், மெக்சிகோக் கள்ளியின் சாற்றைச் சிமென்ட் சாந்திலேயே கலந்து பார்த்தார்கள்; சாந்து இளகிக் குழைய வசதியானதாகவும், நீர் உறிஞ்சுவதிலும் உறைபனியும் உப்பும் தரும் சேதத்தைத் தாங்குவதிலும் மேம்பட்டதாகவும் கண்டார்கள். கள்ளியோடு உறவில்லாத வேறு செடிகளிலிருந்தும் வலுவான சான்று கிடைக்கிறது. ஹோண்டுராஸின் கோபான் நகரில் மாயர்கள் பூசிய சுண்ணாம்புப் பூச்சு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் நிற்பது எப்படி என்று ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உள்ளூர் மரப்பட்டைச் சாறுகளைக் கலந்து மாதிரிகள் செய்து பார்த்தபோது, சாற்றின் கரிமப் பொருள் சுண்ணாம்புப் படிகங்களுக்குள்ளேயே சிறைப்பட்டு, கிளிஞ்சல் ஓட்டில் இருப்பதைப் போன்ற நுண்ணமைப்பை உண்டாக்குவதைக் கண்டார்கள். சீனாவில் பழைய மதில்களையும் கல்லறைகளையும் தாங்கும் கஞ்சிச் சுண்ணாம்பிலும், அரிசி மாவின் சங்கிலி மூலக்கூறு படிக வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது என்று 2010இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூன்று வெவ்வேறு இடங்களில் சுண்ணாம்பில் செடியின் பசையைக் கலந்தார்கள்; மூன்றிலும் அதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது.

எதிர்வாதங்களும் விடைகளும்

முதல் மறுப்பு, செடிச்சாறு அழுகிவிடாதா என்பது. நியாயமான கேள்விதான். வெட்டிய மடலைத் தண்ணீரில் போட்டு மறந்துவிட்டால் புளித்து நாறும். நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரைச் சங்கிலிகளை நறுக்கிவிடுவதால் பசைத்தன்மையும் போய்விடும். ஆனால் சுண்ணாம்பில் கலந்த பிறகு நிலைமை வேறு. புதிய சுண்ணாம்புச் சாந்தின் கார அளவு (pH) 12க்கு மேல்; அந்தக் காரத்தில் பூஞ்சையோ பாக்டீரியாவோ எளிதில் வளராது. மண்பூச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே அங்கே சாற்றைப் புதிதாகவே எடுத்துக் கலக்க வேண்டும், மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும், மழைக்காலத்தில் பூசக் கூடாது. இந்த ஒழுங்கு இல்லாமல் பூசினால் பூஞ்சை பிடிக்கும் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

இரண்டாவது மறுப்பு பொறியாளர்களுடையது, வலுவானது. ஒரு செடியின் சாறு இன்னொன்றைப் போல் இருக்காது. மழைக்குப் பின் வெட்டிய மடலும் கோடையில் வெட்டியதும் வேறு. இளம் மடலும் முதிர்ந்ததும் வேறு. ஊறவைத்த நேரம் மாறினாலும் குழகுழப்பு மாறும். மேலும், அதிகம் சேர்த்தால் இறுகும் நேரம் நீள்கிறது. சாந்தின் வலிமை சில கலவைகளில் கூடவும் சிலவற்றில் குறையவும் செய்கிறது. தரக்கட்டுப்பாடு இல்லாத பொருளை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது என்று அவர்கள் கேட்கிறார்கள். மாறுபாடு உண்மை என்பதால் சாற்றைக் கைவிட வேண்டியதில்லை. அதை அளந்து பயன்படுத்த வேண்டும். மணலின் ஈரமும் பருமனும்கூட லாரிக்கு லாரி மாறுகின்றன; அதற்காக மணலை யாரும் விடுவதில்லை, சலித்தும் சோதித்தும் சேர்க்கிறோம். ஒரு குவளையின் அடித்துளை வழியாகச் சாறு எத்தனை வினாடியில் வடிகிறது என்று பார்த்தே அதன் குழகுழப்பை ஒப்பிடலாம். வேலை தொடங்கும் முன் வெயில் படும் இடத்திலும் நிழலிலும் சிறு பரப்பில் பூசிப் பார்த்து, விரிசலையும் உதிர்வையும் கவனித்து அளவைத் தீர்மானிக்கலாம். வலிமையைப் பொறுத்தவரை, பூச்சிடம் நாம் தவறான குணத்தை எதிர்பார்க்கிறோம். பூச்சு சுவரைவிடப் பலவீனமாகத்தான் இருக்க வேண்டும். சுவர் அசையும்போது பூச்சு விட்டுக்கொடுத்தால் பூச்சை மாற்றிக்கொள்ளலாம். பூச்சு விட்டுக்கொடுக்காமல் சுவரைக் கிழித்தால் கட்டடமே போகும்.

மூன்றாவது, இது தண்ணீரைத் தடுக்குமா என்ற கேள்வி. கள்ளிச்சாறு கலந்தால் சுவர் நீர்புகாததாகிவிடும் என்று விளம்பரம் செய்பவர்களால்தான் இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர் வருகிறது. தேங்கி நிற்கும் தண்ணீரை எந்தச் சாறும் தாங்காது. கூரை வெளியே நீண்டிருக்க வேண்டும். மழைநீர்க் குழாய் அடைபடாமல் இருக்க வேண்டும். சுவரடியில் தண்ணீர் நிற்காமல் தரை சரிந்திருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால்தான் சாறு தன் பங்கைச் செய்யும். நான்காவது, செலவும் உழைப்பும். பூச்சைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துச் செப்பனிட யாருக்கு நேரம் என்று கேட்பார்கள். சான் சேவியரில் இந்தக் கேள்விக்கு நடைமுறையிலேயே பதில் கிடைத்தது. 1992 முதல் 1997 வரை வெளிநாட்டு வல்லுநர்கள் உட்புற ஓவியங்களைச் சீரமைத்தபோது, டொஹோனோ ஓடாம் இளைஞர்களும் பயிற்சி பெற்று அந்த வேலையில் சேர்ந்தார்கள். பராமரிப்பு என்பது செலவுக் கணக்காக மட்டும் இருந்தால் அது சுமை. உள்ளூர்க்காரர்களின் கைத்தொழிலாக மாறினால் அது வாழ்வாதாரம். சிமென்டைப் பூசி, பிறகு கொத்தி எடுத்து, கெட்டுப்போன செங்கல்லை மாற்றி, ஓவியங்களை மீட்டெடுத்த செலவையும் இந்தக் கணக்கில் சேர்த்தால், மலிவு எது என்பது தெளிவாகும்.

சுற்றுச்சூழலின் பெயரால் இதை மிகையாகப் புகழ்வதும் தவறு. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. காளவாய்க்கு எரிக்கும் எரிபொருளின் புகை தனி. சுண்ணாம்புப் பூச்சு இறுகும்போது கல்லிலிருந்து போன வாயுவில் பெரும்பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. எரிபொருளின் புகை திரும்பாது. ஆகவே சுண்ணாம்பு குற்றமற்ற பொருள் என்று சொல்ல முடியாது. காக்கப்பட்ட பழைய சுவர் ஒவ்வொன்றும் புதிதாகச் சுடத் தேவையில்லாத செங்கல், புதிதாக அரைக்கத் தேவையில்லாத சிமென்ட் என்பதுதான் இதிலுள்ள உண்மையான லாபம்.

நமக்கு எது பொருந்தும்?

சப்பாத்திக்கள்ளி நம் ஊருக்குக் கட்டடத்துக்காக வரவில்லை. செந்நிறச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்க, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். சாய வணிகம் எதிர்பார்த்தபடி கைகூடவில்லை. தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளி இனங்கள் வேலியாகவும் களையாகவும் பெருகி, நிலத்தையே விழுங்கின. பிறகு 1920களில் இன்னொரு கொச்சினீல் பூச்சியை இலங்கையிலிருந்து கொண்டுவந்து அவற்றை அடக்க வேண்டியிருந்தது. எனவே பூச்சு வேலைக்காகப் புதிதாகக் கள்ளி நடுவது அறிவாகாது. உடைந்த மடல்கூட மண்ணில் விழுந்தால் வேர்விட்டுவிடும். ஏற்கெனவே மண்டிக்கிடக்கும் இடத்தில் வெட்டி எடுத்துப் பயன்படுத்துவது வேறு விஷயம்; அப்போதும் நம் வேலியோரக் கள்ளி மெக்சிகோ இனத்திலிருந்து வேறுபட்டது என்பதால், அங்கே கிடைத்த முடிவை இங்கே சோதிக்காமல் ஏற்கக் கூடாது. இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். பால் வடியும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் முற்றிலும் வேறு குடும்பத்துச் செடிகள். அவற்றின் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெரும் கேடு. அவற்றைப் பூச்சு வேலைக்குத் தொடவே கூடாது.

உண்மையில், நம் கொத்தனார்கள் கையில் இதற்கு இணையான அறிவு ஏற்கெனவே இருந்தது. கடுக்காயையும் வெல்லத்தையும் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, அந்த நீரில் சுண்ணாம்பை அரைத்தார்கள். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் அதிகம் கரையச் செய்கிறது. கடுக்காயின் துவர்ப்புப் பொருள் சாந்தின் குணத்தை மாற்றுகிறது. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்ப்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்ந்தது. கேரளத்தில் குளமாவுப் பட்டையும் ஊஞ்சல்வள்ளியும் சேர்ந்தன. கள்ளியின் அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் செடியைவிட, அதைச் சுற்றி நடந்த வேலைமுறையைத்தான்: தவறான பூச்சை அகற்றும் துணிவு, பழைய கலவையை ஆய்வகத்தில் சோதிக்கும் பொறுமை, உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் கைவேலையைக் கற்றுத்தரும் ஏற்பாடு.

அதனால் இங்கே கேட்க வேண்டியவை திட்டவட்டமானவை. சுண்ணாம்பால் கட்டிய கோயில் மண்டபமோ, சத்திரமோ, பழைய பள்ளிக்கூடமோ, வீடோ, எதைச் செப்பனிட்டாலும் முதலில் பழைய சாந்தின் மாதிரியை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது ஒப்பந்த விதியாக வேண்டும். மூலச் சுவரைவிடக் கெட்டியான, ஈரத்தை அடைக்கும் பூச்சு அந்தச் சுவரில் ஏறக் கூடாது. பொறியியல் கல்லூரிகள் கடுக்காய், வெல்லம், கள்ளி, கற்றாழை ஆகியவற்றைத் தனித்தனியாக, நம் வெயிலிலும் நம் ஐப்பசி மழையிலும் பல ஆண்டுகள் வைத்துப் பார்த்து, அளவுகளோடு முடிவுகளை வெளியிட வேண்டும். சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த மூத்த கொத்தனார்களுக்கு மதிப்பான கூலி கொடுத்து, அவர்களிடம் இளைஞர்களைப் பயிற்சிக்குச் சேர்க்க வேண்டும். அந்தக் கைகள் ஓய்ந்த பிறகு எந்த ஆய்வறிக்கையும் அந்தப் பக்குவத்தைச் சொல்லித் தராது. சான் சேவியரில் சிமென்டின் தவறு வெளிப்பட ஒரு தலைமுறை பிடித்தது. அதே தவறு நம் சுவர்களில் இப்போதே நடந்துகொண்டிருக்கிறது; அதை நிறுத்துவதற்கான அறிவு நம்மிடம் இருக்கும்போது காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.